ரிமோட் பிளீடர் லைன் வைத்து கிளட்சில் காற்று எடுப்பது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2000ஆம் ஆண்டு கமாரோ. எல்எஸ்1 என்ஜின், டி56 என்னும் ஆறு வேக மேனுவல் கியர்பாக்ஸ். ஓட்டச் சொர்க்கம், கிளட்சில் காற்று எடுக்க நரகம். அதில் ரிமோட் பிளீடர் லைன் (கிளட்ச் ஆயிலில் மாட்டிய காற்றைக் கை எட்டும் இடத்திலிருந்தே வெளியே விட ஒரு நீட்டிப்புக் குழாய்) போட்ட நாளிலிருந்து, வேறு வேறு கார் வைத்திருக்கும் நண்பர்களும் அவர்களின் நண்பர்களும் ஒரே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

அடிப்படையிலிருந்தே சொல்லுங்க. கேபிள் கிளட்சுக்கும் ஹைட்ராலிக் கிளட்சுக்கும் என்ன வித்தியாசம்?

கேபிள் கிளட்சில் பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுபடும். கம்பியின் மறுமுனை கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஃபோர்க்கை இழுக்கும். ஹைட்ராலிக்கில் கம்பிக்குப் பதில் ஆயில். பெடலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஒரு குழாய். மாஸ்டர் தள்ளுகிற ஆயில் ஸ்லேவுக்குள் போய் ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளுகிறது. அந்தப் பேரிங், கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் பலத்தால் அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தி, கிளட்சை விடுவிக்கிறது.

ஸ்லேவில் இரண்டு வகை உண்டு. ஒன்று கியர்பாக்ஸுக்கு வெளியே போல்ட் போட்டிருக்கும், ஃபோர்க்கைத் தள்ளும். இதில் காற்றை வெளியே விடத் திறக்கும் பிளீடர் நிப்பிள் கைக்கு எட்டும், பிரச்சினை குறைவு. இன்னொன்று பெல் ஹவுசிங்கின் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூடு) உள்ளே, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி வளையம் போல உட்கார்ந்திருக்கும். சிஎஸ்சி (கான்சென்ட்ரிக் ஸ்லேவ் சிலிண்டர்) என்பார்கள். இந்தப் பக்கம் முழுக்கவே இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

கொஞ்சம் காற்றுதானே, அதனால என்ன ஆகிடப் போகுது?

கணக்குப் போட்டே பார்ப்போம். மாஸ்டர் 3/4 அங்குலம், அதாவது சுமார் 19 மி.மீ. விட்டம் என்று வையுங்கள். பரப்பு 2.85 சதுர செ.மீ. பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் ஒரு மிதிக்கு 8.5 மில்லி ஆயில் போகும். ஸ்லேவின் பரப்பு 7 சதுர செ.மீ. என்றால் பேரிங் 12 மி.மீ. நகரும். அவ்வளவுதான் மொத்தச் சொத்து.

இப்போது உள்ளே 2 மில்லி காற்று மாட்டியிருக்கிறது என்று வைப்போம். 15 கிலோ பலத்தோடு மிதிக்கிறீர்கள், பெடலின் நெம்பு விகிதம் 5 மடங்கு என்றால் மாஸ்டருக்கு 75 கிலோ போய்ச் சேரும். ஆயிலின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 26 கிலோவைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் 2 மில்லி காற்று ஒரு துளி அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது உங்கள் 8.5 மில்லியில் ஏறக்குறைய 2 மில்லி, காற்றை நசுக்குவதிலேயே செலவாகிவிட்டது. பேரிங் 12 மி.மீ.க்குப் பதில் 9 மி.மீ. சொச்சம்தான் நகரும். கிளட்ச் பிளேட் முழுதாக விடுபடாது, கியர் கறகற என்று விழும். பிரேக்கில் இவ்வளவு காற்று இருந்தால் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், வண்டி எப்படியோ நிற்கும். கிளட்சில் அந்தச் சலுகை கிடையாது.

ரிமோட் பிளீடர் லைன்னா என்ன? அது தானா காற்றை வெளியே விட்டுடுமா?

விடாது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது வெறும் நீட்டிப்புக் குழாய். ஸ்லேவில் இருக்கும் பிளீடர் நிப்பிளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு மெல்லிய குழாயை மாட்டி, அதன் மறுமுனையை கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, நிப்பிளை அங்கே வைக்கிறோம். வீட்டின் பின்கதவை முன்பக்கம் மாற்றி வைத்த மாதிரி. திறக்க வேண்டியது நாம்தான்.

என் காரில் நிப்பிள் இருந்த இடத்தைச் சொன்னால் புரியும். வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸின் மேல்பக்கம் கையை வளைத்து விட்டால் விரல்நுனிக்கு நிப்பிள் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது. ஸ்பேனரைத் திருப்ப ஒரு கால் சுற்றுக்குக்கூட இடமில்லை. திறந்ததும் ஆயில் முழங்கை வழியாக அக்குள் வரை வரும். முதல் முறை இரண்டரை மணி நேரம் ஆனது. லைன் போட்ட பிறகு பானெட்டைத் திறந்து நின்றபடியே, இருபது நிமிடம்.

என் காருக்கும் இது வேணுமா?

முதலில் ஸ்லேவ் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா பாருங்கள். வெளியே என்றால் வேண்டாம். உள்ளே இருந்தாலும், பல கம்பெனிகள் ஸ்லேவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அல்லது உலோக அடாப்டரை பெல் ஹவுசிங்குக்கு வெளியே நீட்டி, அதிலேயே நிப்பிளை வைத்துவிடுகின்றன. அதற்கும் வேண்டாம். சில ஐரோப்பிய கார்களில் நிப்பிள்கூட இருக்காது. கிளிப்பைத் தூக்கிக் குழாயை ஒரு படி வெளியே இழுத்தால் அதுவே திறந்த நிப்பிள்.

எல்எஸ்1 வந்த 1998 முதல் 2002 வரையிலான கமாரோ, ஃபயர்பேர்ட், கியர்பாக்ஸைப் பின்னச்சுக்குத் தள்ளிவிட்டு கிளட்சை மட்டும் என்ஜினோடு வைத்த சி5 கார்வெட், பழைய வண்டியில் வேறு என்ஜினும் கியர்பாக்ஸும் இறக்கியவர்கள், இவர்களுக்குத்தான் இது வரப்பிரசாதம். லைனை மாட்ட பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். அதனால் இதற்கென்றே இறக்காதீர்கள். கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில் ஊத்தணும்? பிரேக் ஆயிலே போதுமா?

மூடியில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள். பெரும்பாலான கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான், டாட் 3 அல்லது டாட் 4. பல கார்களில் ஆயில் ஊற்றி வைக்கும் டப்பாவே ஒன்று. பிரேக் டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளட்ச் மாஸ்டருக்குப் போகும். கிளட்ச் ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்று அந்தத் துளையைச் சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள். அதனால் அந்த வகைக் கார்களில் ஆயில் மட்டம் துளைக்குக் கீழே போனாலே மாஸ்டர் காற்றைக் குடித்துவிடும். டப்பாவில் பாதிக்கு மேல் ஆயில் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிகான். பெயர் பார்த்து 5.1-க்குத் தம்பி என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள், மற்றவற்றோடு சேராது. மினரல் ஆயில், என்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் எதுவும் இந்த ரப்பர் சீலுக்கு எமன். சீல் ஊதிப் பெருத்து மாஸ்டரிலிருந்து ஸ்லேவ் வரை எல்லாவற்றையும் மாற்ற வைக்கும். பெயின்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளைகால் ஆயில் தண்ணீரில் கரையும்.

என்னென்ன சாமான் எடுத்து வைக்கணும்?

நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் (ஓபன் ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும்), நிப்பிளில் இறுக்கமாக மாட்டும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் அரை மீட்டர், ஒரு காலி பாட்டில், சீல் உடையாத புது ஆயில் அரை லிட்டர், பெரிய ஊசி (சிரிஞ்ச்) ஒன்று, பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர். மருத்துவமனை டிரிப்ஸ் குழாய் இதற்கு அருமையாகப் பொருந்தும், சுருண்டு மடங்காது.

ரெண்டு பேர் இருக்கோம். வரிசையா எப்படிச் செய்யறது?

டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை ஊசியால் உறிஞ்சிவிட்டுப் புதுசை விளிம்பு வரை ஊற்றுங்கள். நிப்பிளில் குழாயை மாட்டி, முதலில் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்து, பிறகு பாட்டிலுக்குள் இறக்குங்கள். குழாயின் முனை பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாகத் தரைவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்பார். அடுத்தவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறப்பார், ஆயில் வரும், மூடுவார், "விடு" என்பார். அந்த வார்த்தை வராமல் பெடலை விடக்கூடாது. காற்று எடுக்கும் வேலையில் சண்டை வருவது இந்த ஒரு இடத்தில்தான். நானும் மனைவியும் மூன்றாவது மிதியிலேயே ஒரு முறை பேச்சை நிறுத்தியிருக்கிறோம்.

ரிமோட் லைனில் ஒரு விஷயம் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். வெளியே வருவது ஸ்லேவின் ஆயில் அல்ல, முதலில் லைனுக்குள் இருந்த ஆயில். 3 மி.மீ. உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள லைனில் 7 மில்லி பிடிக்கும். மேலே போட்ட கணக்குப்படி ஒரு முழு மிதிக்கு 8.5 மில்லி. அதாவது முதல் மிதி முழுக்கவே லைனைத் துடைப்பதற்குத்தான். முதல் இரண்டு மிதியில் குமிழி இல்லை என்று சந்தோஷப்பட்டு நிறுத்தினால், ஸ்லேவில் இருந்த காற்றைத் தூக்கி லைனுக்குள் வைத்துவிட்டு மூடியதாக ஆகும்.

பெடல் கீழேயே ஒட்டிக்கிச்சு, மேல வரல. உடைஞ்சு போச்சா?

இல்லை. பயப்பட வேண்டாம். பெடலைத் திருப்பித் தள்ளுவதில் பிரஷர் பிளேட் ஸ்பிரிங்குக்குப் பெரிய பங்கு. நிப்பிளைத் திறந்து ஆயிலை வெளியே விட்டதும் அந்தத் தள்ளல் இல்லாமல் போகிறது. கால்நுனியைப் பெடலுக்கு அடியில் விட்டு மேலே தூக்குங்கள், அல்லது கையால் இழுங்கள். மெதுவாக. வெடுக்கென்று இழுத்தால் சீலின் உதட்டைத் தாண்டிக் காற்று உள்ளே நுழைய வாய்ப்புண்டு.

நான் தனியா. உதவிக்கு ஆள் இல்ல.

இரண்டு வழி. முதல் வழி புவியீர்ப்பு. நிப்பிளைத் திறந்து, குழாயை பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டு காபி குடிக்கலாம். சொட்டுச் சொட்டாக வரும். ஆனால் ரிமோட் லைனில் இது வேலை செய்ய ஒரு நிபந்தனை: நிப்பிளின் உயரம் டப்பாவில் இருக்கும் ஆயில் மட்டத்தைவிடக் கீழே இருக்க வேண்டும். வசதிக்காக நிப்பிளை பானெட் கீலுக்குப் பக்கத்தில் உச்சியில் வைத்துவிட்டால் ஒரு சொட்டுகூட வராது. தண்ணீர் மேடேறாது, ஆயிலும் ஏறாது. லைன் மாட்டும்போதே டப்பாவை அளந்து, மட்டத்துக்கு நாலு விரல் கீழே நிப்பிளுக்கு இடம் பாருங்கள்.

இரண்டாவது வழி பின்னோக்கி ஏற்றுவது. டப்பாவைப் பாதி காலி செய்து, ஊசியில் புது ஆயில் நிரப்பி, குழாய் வழியாக நிப்பிளுக்குள் மெதுவாகத் தள்ளுங்கள். ஸ்லேவ் வழியாக மாஸ்டருக்கு ஏறி, டப்பாவில் குமிழி கொப்பளிக்கும். காற்று இயல்பாகவே மேலே போகத் துடிப்பது, நாமும் அதே திசையில் தள்ளுகிறோம். ரொம்பப் பிடிவாதமான காற்றுக்கு எனக்குப் பிடித்த முறை இது. ஊசியிலும் குழாயிலும் ஒரு குமிழிகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே லைனைப் புது ஆயிலால் ஒரு தடவை கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் கீழே கிடக்கும் கறுப்புக் கசடு எல்லாம் மாஸ்டருக்குள் ஏறும்.

வேக்யூம் பம்ப் போட்டேன். அரை மணி நேரமா குமிழி நிக்கவே இல்ல. அவ்வளவு காற்றா உள்ள இருக்கு?

அது உள்ளே இருந்த காற்று அல்ல. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரையின் இடைவெளி வழியாக வெளிக்காற்றையே பம்ப் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மரையைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் குறையும். அதைவிட, வேக்யூமையே நான் சிபாரிசு செய்வதில்லை. ஸ்லேவின் சீல் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. எதிர்த் திசையில் உறிஞ்சினால் உதடு விலகி, அங்கிருந்தும் காற்று வரலாம். டப்பாவின் மேலே மூடி போட்டு 10-15 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுக்கும் பிரஷர் பிளீடர் கிடைத்தால் அதை எடுங்கள்.

எப்ப போதும்னு தெரிஞ்சுக்கறது?

குழாயில் தொடர்ந்து ஆறேழு மிதிக்கு ஒரு குமிழியும் இல்லை, ஆயில் புதுசின் நிறத்திலேயே வருகிறது, நிப்பிளை மூடிய பின் பெடல் முதல் மிதியிலேயே அதே உயரத்தில் பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்தால் போதும். முதல் மிதிக்கும் மூன்றாவது மிதிக்கும் பெடல் வேறு மாதிரி இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது.

பிறகு உண்மையான சோதனை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் படாமல் வைத்து, என்ஜினை ஓட விட்டு, கிளட்சை மிதித்து முதல் கியர் போடுங்கள். சக்கரம் லேசாகச் சுற்றலாம், பிரேக்கைத் தொட்டாலே நின்றுவிட வேண்டும். பிரேக்கை எதிர்த்து என்ஜின் தவித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆளோ குழந்தையோ நாயோ இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

லைனை எந்த வழியா கொண்டு வரணும்? எந்தக் குழாய் வாங்கணும்?

உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்), வெளியே ஸ்டீல் பின்னல் உள்ள பிரேக் ஹோஸ், ஏஎன் என்னும் ஹோஸ்-ஃபிட்டிங் அளவுமுறையில் 3ஆம் நம்பர். சாதாரண ரப்பர் குழாய் வேண்டவே வேண்டாம். நிப்பிள் மூடியிருந்தாலும் ஒவ்வொரு மிதிக்கும் முழு அழுத்தமும் இந்த லைனுக்குள்ளும் போகும். மேலே பார்த்த 26 கிலோ நினைவிருக்கட்டும். ரப்பர் ஒவ்வொரு முறையும் உப்பி, காற்று இருப்பது போலவே பெடலை மெத்தென்றாக்கும். லைனைத் தேவைக்கு மேல் நீளமாக வெட்டிச் சுருட்டி வைப்பதும் வேண்டாம்.

ஸ்லேவிலிருந்து கிளம்பி நிப்பிள் வரை ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஏறி இறங்கி மறுபடி ஏறினால் அந்த மேட்டில் காற்று குடியேறும். எக்ஸாஸ்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, முடியாவிட்டால் வெப்பக் காப்பு உறை போட்டு. பெல் ஹவுசிங்கின் ஓட்டை விளிம்பில் ஸ்டீல் பின்னல் உரசாமல் ரப்பர் வளையம் வையுங்கள். அந்தப் பின்னல் ரம்பம் மாதிரி, தொட்ட அலுமினியத்தை அறுத்துவிடும். உள்பக்கம் லைன் பிரஷர் பிளேட்டைத் தொடாமல் இருக்கிறதா என்பதைக் கையால் தடவிப் பாருங்கள், அது நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றப் போகிற சாமான்.

ஜாயின்ட்ல ஒழுகாம இருக்க டெஃப்லான் டேப் சுத்தலாமா?

கூடாது. ஏஎன் ஃபிட்டிங் மரையால் அடைப்பதில்லை, 37 டிகிரிக் கூம்பு கூம்போடு உட்கார்ந்து அடைக்கிறது. மரை வெறும் இறுக்கத்துக்கு. டேப் சுற்றினால் கூம்பு சரியாக உட்காராது, பிய்ந்த துண்டு ஆயிலோடு போய் மாஸ்டரின் சிறு துளையை அடைக்கும். சாதாரண கார் பிரேக் பைப்பின் முனை 45 டிகிரி. இரண்டையும் சேர்த்து இறுக்கினால் முதல் நாள் ஒழுகாது, பத்தாம் நாள் ஒழுகும். பான்ஜோ போல்ட் (நடுவில் ஆயில் போக ஓட்டை உள்ள போல்ட்) வகை என்றால் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர்.

ஸ்லேவின் ஓட்டையில் போகும் ஃபிட்டிங்தான் உயிர்நாடி. வெளிமுனை ஒழுகினால் ஸ்பேனர் போதும், உள்முனை ஒழுகினால் மறுபடி கியர்பாக்ஸ் இறங்கும். அதனால் கியர்பாக்ஸ் தரையில் இருக்கும்போதே ஒரு சின்னச் சோதனை செய்வேன். ஸ்லேவ் பிஸ்டனை அமுக்கிப் பட்டையால் கட்டி, மெயின் குழாயின் வாயை அடைத்து, லைன் வழியாக ஊசியால் ஆயில் ஏற்றி லேசாக அழுத்திப் பிடித்து, ஃபிட்டிங்கைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் சுற்றி வைப்பேன். பத்து நிமிடம் கழித்துப் பேப்பரில் ஈரம் இருந்தால் மறந்துபோன வாஷர் நினைவுக்கு வரும்.

கியர்பாக்ஸ் இறக்கியிருக்கும்போதே குழாயை மாட்டி, பெடலை மிதிச்சு டெஸ்ட் பண்ணிக்கலாம்ல?

ஐயோ, வேண்டாம். எதிரே பிரஷர் பிளேட் இல்லாமல் பெடலை மிதித்தால் ஸ்லேவ் பிஸ்டன் எல்லை தாண்டி வெளியே வந்து விழும், ஆயில் தரையெல்லாம். திரும்ப உள்ளே தள்ளிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சீல் மடங்கியிருக்கும். மேலே சொன்ன ஊசிச் சோதனையிலும் பிஸ்டனைக் கட்டுவது இதற்காகத்தான்.

மூணு பாட்டில் ஆயில் ஊத்தியாச்சு. குமிழியும் வரல, பெடலும் வரல. என்னதான் பிரச்சினை?

இந்த நிலையில் ஆயில் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மாஸ்டரைப் பாருங்கள். பெடலுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருக்கும் புஷ்ராடுக்கு ஒன்றிரண்டு மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெடல் முழுதாக மேலே இருந்தும் பிஸ்டன் முழுதாகப் பின்னே வராது. டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் சின்னத் துளையை அது மூடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் புது ஆயில் உள்ளே வராது. தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் ஒரு பட்டறையில் மாஸ்டரையே இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். புஷ்ராடின் நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தியதும் பெடல் வந்துவிட்டது. இதே கோளாறின் இன்னொரு முகம்: வண்டி சூடானதும் விரிந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்ப முடியாமல், கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

அது சரியாக இருந்தால், மாஸ்டரின் சாய்வைப் பாருங்கள். மூக்கு, அதாவது ஆயில் வெளியேறும் முனை, மேல்நோக்கி இருந்தால் அதன் நுனியில் ஒரு குமிழி தங்கிவிடும். நீங்கள் தள்ளும்போது குழாய்க்குள் கொஞ்சம் இறங்கும், விட்டதும் திரும்பி வந்து உட்காரும். ரிமோட் லைன் இருப்பது மறுகோடியில், அதனால் இந்தக் குமிழிக்கு அது எந்த உதவியும் செய்யாது. மாஸ்டரின் மூக்கு மட்டமாகும் வரை வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள், அல்லது மாஸ்டரின் போல்ட்டைக் கழற்றிக் கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பெடல் இல்லாமல் புஷ்ராடைச் சின்னச் சின்னதாகத் தள்ளுங்கள். டப்பாவில் பொட்டென்று ஒரு குமிழி வரும். அந்தச் சத்தத்துக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கொடுத்திருக்கிறேன்.

பெடல் வந்துவிடுகிறது, ஆனால் மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது, வெளியே ஒழுகலும் இல்லை என்றால், மாஸ்டரின் உள் சீல் போய்விட்டது. அதைக் காற்று எடுத்துச் சரிசெய்ய முடியாது.

காற்றே இல்லைன்னு உறுதி. ஆனா கியர் விழ மாட்டேங்குது.

மாற்று கிளட்ச் போட்டவர்களுக்கு இது அதிகம் வரும். ரிலீஸ் பேரிங்குக்கும் பிரஷர் பிளேட் விரல்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, கிட்டோடு வரும் தாளில் சொன்னதைவிட அதிகமாக இருந்தால், பேரிங்கின் 12 மி.மீ.யில் பாதி அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே போகும். ஸ்லேவுக்குப் பின்னால் ஷிம் (இடைவெளியைக் குறைக்கும் மெல்லிய தகடு) வைக்க வேண்டும். அதாவது, மன்னிக்கவும், கியர்பாக்ஸ் மறுபடி இறங்கும். பெரிய கிளட்சுக்குச் சின்ன மாஸ்டர் போட்டாலும் இதே கதை, இரண்டாவது பதிலில் இருக்கும் கணக்கை உங்கள் அளவுகளோடு போட்டுப் பாருங்கள்.

காலையில பெடல் கச்சிதமா இருக்கு. ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் ஆனா உள்ளே போயிடுது. ஆறினதும் மறுபடி சரி. இது என்ன மாயம்?

ஆயில் கொதிக்கிறது. கிளைகால் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4-க்கு 230, ஈரமானால் 155. ஸ்லேவ் உட்கார்ந்திருப்பதோ கிளட்ச் பிளேட்டுக்கு அடுத்த வீட்டில். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட். கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றைப் போலவே நசுங்கும். ஆறினால் திரும்ப ஆயிலாகிவிடும், அதனால் தடயமே இருக்காது.

ஆயிலை மாற்றுங்கள், லைன் எக்ஸாஸ்டை உரசிக்கொண்டு போகிறதா பாருங்கள். திறந்து ஒரு வருடம் அலமாரியில் கிடந்த பாட்டிலை ஊற்றிவிட்டு "மாத்திட்டேனே" என்று சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் ஆயில் கறுப்பாவே வருது. நிப்பிளைத் திறக்காமலே மாத்த வழி இருக்கா?

கிளட்ச் தூசியும் தேய்ந்த சீலின் ரப்பர் பொடியும்தான் அந்தக் கறுப்பு. எல்எஸ்1 வண்டிகளில் இது சகஜம். அதிக ஆர்பிஎம்-மில் கியர் மாற்றும்போது பெடல் தரையில் ஒட்டிக்கொள்ளும் பழைய புகாருக்கு நான் முதலில் பார்ப்பதும் ஆயிலின் நிறத்தைத்தான். வழி உண்டு. டப்பாவை ஊசியால் காலி செய்து, புதுசு ஊற்றி, மூடி போட்டு, பெடலை முப்பது தடவை மிதியுங்கள். கறுப்பு மேலே வந்து கலக்கும். மறுபடி உறிஞ்சி மறுபடி ஊற்றுங்கள். ஐந்தாறு சுற்றில் தேன் நிறத்துக்கு வந்துவிடும். ரிமோட் லைன் இல்லாத காலத்தில் இப்படித்தான் ஓட்டினேன். ஆனால் லைன் இருந்தால் அந்த வழியே ஒரு தரம் விடுங்கள். மேலே போகும் லைன் ஒரு முட்டுச்சந்து, அதில் தேங்கியது இந்த முறையில் நகராது.

டப்பாவில ஆயில் குறையுது, கீழே ஒரு சொட்டும் இல்ல. எங்கே போகுது?

காருக்குள் உட்கார்ந்து, பெடலுக்கு மேலே புஷ்ராடின் ரப்பர் தொப்பியை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மாஸ்டர். மிதியடி விரிப்புக்குக் கீழேயும் தடவிப் பாருங்கள், அது எவ்வளவு குடித்தாலும் வெளியே காட்டாது. அங்கே காய்ந்திருந்தால் பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் துளையில் ஒரு வெள்ளைத் துணியைச் சொருகி ஒரு நாள் ஓட்டுங்கள். துணியில் கறுத்த ஈரம் என்றால் ஸ்லேவ், அல்லது நீங்கள் மாட்டிய அந்த உள்முனை ஃபிட்டிங். ஆயில் பிளேட்டில் பட ஆரம்பித்திருந்தால் கிளட்ச் உதறும், வழுக்கும்.

லைனை மாட்டினது பிடிக்கல. கழட்டிட்டு பழைய நிப்பிளையே போட்டுக்கலாமா?

போடலாம், கியர்பாக்ஸை இறக்கினால். அதற்குப் பதில் வெளிமுனையில் நிப்பிளுக்கு ரப்பர் தொப்பி போட்டு, லைனை இரண்டு கிளிப்பில் கட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த நிப்பிளில் "கிளட்ச்" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஆயில் மாற்ற விட்ட இடத்தில் ஒரு பையன் அது ஏதோ வேக்யூம் குழாய் என்று நினைத்துத் திறந்துவிட்டு, பேசாமல் மூடி வைத்துவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில் மூன்றாவது சிக்னலில்தான் எனக்குத் தெரிந்தது.